பிரியாணிக் குண்டான் அல்ல, நீர்நாய்தான்

கள்ளக்குறிச்சி,
தவக்காலம் மூன்றாம் வாரம், செவ்வாய்க்கிழமை.

சேசு மரி சூசை துணை.

திருநாவலூரில் வசிக்கும் ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டரும், என் மனைவி ரீத்தாவின் கூடப்பிறந்த அண்ணனும் ஆகிய எட்வின் மச்சான் அவர்களுக்கு, ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஆல்பர்ட் மிகுந்த மரியாதையுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் ரீத்தாவும் ஆண்டவர் கிருபையில் நன்றாக இருக்கிறோம், அவளுடைய முழங்கால்கள் இரண்டும் நீங்கலாக. அங்கு நீங்களும் அக்காவும் நன்றாக இருப்பீர்கள், உங்கள் சர்க்கரையும் அடங்கி ஒடுங்கி இருக்கும் என்று நம்புகிறேன்.

போனில் சொல்ல வேண்டியதை இவன் ஏன் ஆறு பக்கம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போனில் நான் நீர்நாய் என்று ஆரம்பித்தாலே நீங்கள் சிரிக்கிறீர்கள். போன வாரம் அந்தச் சிரிப்பு மூன்று நிமிஷம் ஓடியது. நடுவில் அக்காவைக் கூப்பிட்டுப் போனைக் கொடுத்தீர்கள், அவரும் தன் பங்குக்குச் சிரித்துவிட்டு வைத்துவிட்டார். கடிதத்தில் நீங்கள் எவ்வளவு சிரித்தாலும் என் பேச்சு நிற்காது. ஆகவே முதலிலேயே விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஈஸ்டர் முடிந்து அடுத்த ஞாயிறு, என் மகள் ஜெனிபரின் பெண் முதல் தடவையாக நற்கருணை வாங்குகிற புதுநன்மை. விருந்தில் வழக்கம்போல் நீங்கள் மைக்கைப் பிடிப்பீர்கள். பிடியுங்கள், ஜெனிபருக்குத் தாய்மாமன், யாரும் தடுக்க முடியாது. ஆனால் முப்பத்தைந்து வருஷமாகச் சொல்லிவரும் அந்தக் கதையைச் சொல்லக் கூடாது. அதற்குப் பதிலாக அதே மைக்கில், அத்தனை பேர் முன்னால், ரீத்தாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். நானும் பக்கத்தில் நின்று கேட்பேன். இதில் பேச்சுவார்த்தை கிடையாது.

கதை உங்களுக்குத் தெரியும் என்றாலும், நாளைக்கு யாராவது இந்தக் கடிதத்தை எடுத்துப் படித்தால் விளங்க வேண்டும் என்பதற்காக எழுதி வைக்கிறேன். எங்களுக்குக் கல்யாணம் ஆகி இரண்டு மாதம். ஈஸ்டருக்கு மறுநாள் எம்மாவுஸ் உலா என்று சொல்லிப் பங்குக் கோயில் ஜனமே கிளம்பி, மணலூர்பேட்டைக்கு அப்பால் பெண்ணையாற்றை ஒட்டிய மருதமரக் காட்டுக்குப் போனோம். அங்கேயே சமைத்துச் சாப்பிட்டோம். ரீத்தா குண்டானைக் கழுவ ஆற்றில் இறங்கினாள். நீங்களும் நானும் கரையில் நின்று, அன்று காலை என் பஸ்ஸில் உங்களிடம் நான் டிக்கெட் கேட்டது சம்பந்தமாகக் கொஞ்சம் கருத்து வேறுபட்டுக்கொண்டிருந்தோம். சட்டைக் காலர் வரைக்கும் வந்த கருத்து வேறுபாடு, அது இங்கே வேண்டாம். அப்போது ரீத்தா, "ஐயோ நீர்நாய், நீர்நாய்" என்று ஊரே திரும்பும்படி கத்தினாள். நாம் இருவரும் காலரை விட்டுவிட்டு ஓடினோம். ஆற்று நடுவில் கறுப்பாக ஒன்று முதுகைக் காட்டிக்கொண்டு போனது. நீந்திப் பிடித்தவர் நீங்கள். பிடித்துப் பார்த்தால் கவிழ்ந்து மிதந்த நம் பிரியாணிக் குண்டான். அன்று நீங்களும் நானும் கரையில் உருண்டு உருண்டு சிரித்தோம். அன்றிலிருந்து நம் குடும்பத்தில் பிரியாணிக் குண்டானுக்கே நீர்நாய் என்று பேர். பந்தியில் உட்கார்ந்ததும், "நீர்நாய் வந்துச்சா, இன்னும் வரலியா?" என்று நீங்கள் கேட்பதும், நான் எடுத்துக்கொடுப்பதும், பிள்ளைகள் பிறந்து, பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் பிறந்தும் நிற்கவில்லை.

போன ஆவணியில் உங்கள் மகள் ஜெஸி கல்யாணத்தில் மைக்கில் அதையே சொன்னீர்கள். இந்தத் தடவை நீந்திக் காட்டவும் செய்தீர்கள். மாப்பிள்ளை வீட்டார் உட்பட முன்னூறு பேர் சிரித்தார்கள், அதில் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் நான். சிரித்துக்கொண்டே பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன், ரீத்தா இல்லை. கை கழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு, எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். கண் கலங்கியிருந்தது. கேட்டேன். "ஒன்னும் இல்லீங்க, நீங்க போய் சாப்புடுங்க" என்றாள். மச்சான், முப்பத்திரண்டு வருஷம் பஸ்ஸில் ஐம்பத்தைந்து முகத்தைப் பார்த்தால் போதும், யார் டிக்கெட் எடுக்கவில்லை என்று சொல்லிவிடுவேன். என் வீட்டு முகத்தை ஒரு நாளும் பார்க்கவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. முப்பத்தைந்து வருஷம் அவள் சொன்னதை நாம் யாரும் ஒரு நிமிஷம்கூட நம்பவில்லை. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நீங்கள் இரண்டாம் தடவை வைக்கச் சொன்ன துண்டுகூட இலையில் அப்படியே இருந்தது, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த இலைக்கு முன்னால் முடிவு செய்தேன். பெண்ணையாற்றில் நீர்நாய் உண்டு, அதை நான் என் கண்ணால் பார்ப்பேன், பார்த்துவிட்டு உன் மைக்கைப் பிடுங்குவேன். உன் என்று எழுதிவிட்டேன், மன்னிக்கவும், உங்கள்.

முதல் முறை மார்கழியில் போனேன். காட்டுக்குப் போகிறவர்கள் மரத்தோடும் மண்ணோடும் ஒட்டிய நிறத்தில் உடுத்த வேண்டும் என்று செல்போனில் போட்டிருந்தது. என்னிடம் அந்த நிறத்தில் இருப்பது பழைய காக்கி யூனிபாரம் ஒன்றுதான். போட்டேன், வயிற்றுப் பித்தான் ஒன்றைத் தவிர எல்லாம் சேர்ந்தது. சட்டைப் பையில் விசில் இருந்தது. அதை எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கலாம், ஆனால் இத்தனை வருஷம் நெஞ்சுப் பக்கத்தில் கிடந்த சாமானை எடுத்தால் பை காலியாகி மனசு ஒரு மாதிரி ஆகிறது. காட்டைப் பற்றி என்ன சொல்ல, நாம் போன காடுதான், ஆனால் வெள்ளம் புகுந்து புரட்டிவிட்டுப் போயிருக்கிறது. மருத மரங்களில் என் தலைக்கு மேல் இரண்டு முழ உயரத்தில் சேற்றுக் கோடு நிற்கிறது. கிளைகளில் வைக்கோலும் யாருடையதோ ஒரு பச்சைச் சேலையும் மாட்டிக்கொண்டிருக்கின்றன. தண்ணீர் வடியும்போது காட்டுக்குள் அங்கங்கே மடுவாகத் தங்கிவிட்டது. மடுவில் மீன், மீனுக்காக நாரை, நீர்க்காகம், கழுத்தை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு பாம்புத்தாரா. நான் ஒரு மருத மரத்தடியில் அசையாமல் நின்றேன். பத்து நிமிஷம் ஆகியிருக்காது, நாணலை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். பேர் சின்னப்பொண்ணு என்று பிறகு தெரிந்தது, கோரை அறுக்க வந்தவள்.

"ஏன்ணா, திருக்கோவிலூர் வண்டி போய்ட்ச்சா?" என்று கேட்டாள்.

"இது காடும்மா" என்றேன்.

"காடுன்னு எனக்குத் தெரியாதா? நானு பொறந்ததே இந்தப் பக்கந்தான். வண்டி போய்ட்ச்சா இல்லியா, அத்த சொல்லு."

எனக்கு எட்டு பத்து வண்டியும் எட்டு நாற்பது வண்டியும் தலைகீழ்ப் பாடம். தெரிந்ததைத் தெரியாது என்று சொல்ல நாக்கு வரவில்லை. சொல்லிவிட்டேன். அவள் போவாள் என்று பார்த்தால், கோரைக் கட்டை இறக்கி வைத்துவிட்டு என் பக்கத்திலேயே நின்றாள். அவள் நிற்பதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருவர் சைக்கிளைக்கூட நிறுத்திப் பூட்டினார். அரை மணி நேரத்தில் அந்த மரத்தடி ஒரு பஸ் ஸ்டாப் ஆகிவிட்டது. பதினோரு பேர் ஆனதும், ஏறும்போது நெரிசல் ஆகுமே என்று நானே அவர்களை வரிசையில் நிற்க வைத்துக்கொண்டிருந்தேன், அப்போதுதான் காட்டு வாட்சர் இருசப்பன் வந்தார்.

இருசப்பனுக்குச் சொந்த ஊர் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் மேலே. ஒல்லியான ஆள், நடந்தால் இலைகூடச் சத்தம் போடாது. "இன்னா சார் இது, காட்டுக்குள்ள இம்மாங் கும்பல் சேத்துக்கினு இருக்கீங்க?" என்றார். கும்பலை ரோட்டுக்கு அனுப்பிவிட்டு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், குண்டான், காலர், கை கழுவும் குழாய், ஒன்றையும் விடவில்லை. முப்பத்தைந்து வருஷத்தில் இந்தக் கதையைக் கேட்டுச் சிரிக்காத முதல் மனிதர் அவர். "நீர்நாய் இருக்குது சார்" என்றார். எனக்கு அங்கேயே அவர் காலில் விழலாம் போல இருந்தது. "ஆனா உங்களால பாக்க முடியாது" என்றார். ஏன் என்று கேட்டேன். "நீங்க பேசறீங்க. இப்பகூட அரை மணி நேரமா பேசிக்கினே இருக்கீங்க. மலையில எங்க ஊருல கரடி வந்து வாசல்ல நிக்கும், நாங்க ஒரு வார்த்தை பேச மாட்டோம். அது பாட்டுக்கு வரும், அது பாட்டுக்குப் போவும்." பிறகு ஆற்றோரப் பாறை ஒன்றுக்குக் கூட்டிப்போய், மீன் செதிலும் நண்டு ஓடுமாகக் கிடந்த ஒரு எச்சத்தைக் காட்டி, "மோந்து பாருங்க, இதான் அதோட விலாசம்" என்றார். குனிந்து மோந்து பார்த்தேன் மச்சான். என் மனைவியின் சொல்லுக்காக ஒரு பிராணியின் எச்சத்தை மண்டியிட்டு மோந்தவன் நம் இரண்டு குடும்பத்திலும் நான் ஒருவன்தான் இருப்பேன். அன்று முதல் வீட்டில் கருவாடு வாங்குவது இல்லை.

இரண்டாம் முறை போனது தை மாதம். நீர்நாய் காலையில்தான் வெளியே வரும், விடிவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று இருசப்பன் சொன்னதால் வேன் பேசினேன். டிரைவர் வெங்கடேசன், தங்கமான பையன், பதினெட்டு சீட் வண்டி. போகிறவன் நான் ஒருவன். பின்னால் திரும்பிப் பார்த்தால் பதினேழு சீட் காலியாக இருக்கிறது. இதை வேறு வேலை பார்த்தவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. காலி சீட்டைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது என் தலை என்னைக் கேட்காமல் ஜன்னல் வழியாக வெளியே போனது, வாய் என்னைக் கேட்காமல், "மணலூர்பேட்டை, மணலூர்பேட்டை, எடம் இருக்குது, ஏறு ஏறு" என்றது. இருபத்தாறு பேர் ஏறினார்கள். ஒருவரிடமும் காசு வாங்கவில்லை, அதனால் ஒருவரும் இறங்கவில்லை. எங்கே போகிறோம் என்று கேட்டார்கள், நீர்நாய் பார்க்க என்றேன், அப்படியானால் நாங்களும் பார்க்கிறோம் என்று ரிஷிவந்தியத்தில் இறங்க வேண்டியவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள். அதில் விஜயலட்சுமி என்று ஒரு அம்மா, மகளுக்குச் சீமந்தம் என்று ஏழு வகைச் சோறு கட்டி எடுத்துக்கொண்டு போனவர். அவரும் இறங்கவில்லை.

காட்டுக்குள் போனதும் ஆள்காட்டிக் குருவி ஒன்று ஆரம்பித்தது. ஒரு ஆள் வந்தாலே ஊரைக் கூட்டுகிற பறவை அது, இருபத்தேழு பேரைப் பார்த்ததும் அதற்குத் தொண்டையே கட்டிப்போயிருக்கும். வெங்கடேசன் வண்டியில் பாட்டுப் போட்டான். பிள்ளைகள் மடுவில் கல் எறிந்தார்கள். பசி வந்ததும் விஜயலட்சுமி அம்மா தூக்கைத் திறந்தார், மகளுக்குப் போக வேண்டிய ஏழு வகைச் சோறும் மருத மரத்தடியில் முடிந்தது. எனக்குப் புளிச்சோறு கிடைத்தது, நன்றாகவே இருந்தது. அன்று பார்க்கக் கிடைத்த விலங்குகள் குரங்கு இரண்டு, அவையும் சோற்றுக்கு வந்தவை. இருசப்பன் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்த வழியே போய்விட்டார். திரும்பும்போது விஜயலட்சுமி அம்மா வண்டியில் அழ ஆரம்பித்தார், சீமந்த வீட்டில் என்ன சொல்வேன் என்று. நான் மணலூர்பேட்டையில் இறங்கி, ஓட்டலில் எலுமிச்சைச் சோறும் தயிர்ச் சோறும் கட்டச் சொல்லி, கூடவே போய் அந்தப் பெண்ணின் மாமியாரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். மன்னிப்புக் கேட்பது ஒன்றும் அவ்வளவு கஷ்டமான காரியம் இல்லை மச்சான், ஒரு தடவை கேட்டால் பழகிவிடும். இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

இந்த இரண்டுக்கும் பிறகு வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். ஜெனிபர் போன் செய்து, "அப்பா, போதும்பா, வூட்ல இருங்க" என்றாள். நான் விடவில்லை. மாசி முதல் வாரத்தில் மூன்றாம் முறை போனேன். காக்கி கிடையாது, வேன் கிடையாது, முதல் பஸ்ஸில் போய் மீதி தூரம் நடந்தேன். வாயில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டேன், பேச்சு வராமல் இருக்க. விசில் மட்டும் பையில் இருந்தது. இருசப்பன் என்னைப் பாறைக்கு எதிரே நாணலுக்குள் உட்கார வைத்தார். முக்கால் மணி நேரம் நான் பேசவில்லை, நீங்கள் நம்ப மாட்டீர்கள். மடுவில் தண்ணீர் வட்டமாகக் கலங்கியது. நடுவில் ஒரு தலை எழும்பியது. தட்டையான தலை, இரண்டு பக்கமும் மீசை. என்னைப் பார்த்தது மச்சான். பார்த்துவிட்டுத் திரும்பி ஆற்றுப் பக்கமாகப் போக ஆரம்பித்தது. போகிறதே, போகிறதே, நிற்க வேண்டுமே என்று நினைத்தேன், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கைக்குட்டை எப்போது இறங்கியது, கை எப்போது பைக்குள் போனது என்று தெரியாது. ஒரு விசில் கொடுத்துவிட்டேன். ஒரு விசில் என்றால் நிறுத்து என்று அர்த்தம், முப்பத்திரண்டு வருஷம் எந்த டிரைவரும் நிறுத்தாமல் போனதில்லை. இது நிற்கவில்லை. நாரையிலிருந்து நீர்க்காகம் வரை அந்தக் காட்டில் இருந்த அத்தனையும் ஒரே நேரத்தில் கிளம்பிப் போயின.

இருசப்பன் எழுந்து என் முன்னால் வந்து நின்றார். பிறகு, "அது இன்னா பஸ்ஸா சார், விசில் அடிச்சா நிக்கறதுக்கு?" என்றார். கையை நீட்டினார். "குடுங்க." செக்கிங் இன்ஸ்பெக்டருக்குக்கூட நான் அப்படிப் பயந்து பையைக் காலி செய்ததில்லை. கொடுத்துவிட்டேன்.

பார்த்தாயிற்றே, அப்போதே எழுதியிருக்கலாமே என்று கேட்பீர்கள். இரண்டு வினாடி ஒரு தலையைப் பார்த்தேன் என்று எழுதினால் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியாதா? குண்டானின் மூடி என்பீர்கள். அன்று பார்த்தவள் ரீத்தா. அவள் வந்து பார்த்து, இதுதான் என்று சொன்னால்தான் வழக்கு முடியும். அவளிடம் சொன்னேன். "வேணாங்க. முட்டி ரெண்டும் ஜாஸ்தியா வலிக்குது. உங்களுக்கு வேற பொழப்பே இல்லியா?" என்றாள். இத்தனை நாள் எதற்கு இந்தப் பாடு பட்டேன் என்று அப்போதுதான் உடைத்துச் சொன்னேன். உனக்காகத்தான் போகிறேன், உங்க அண்ணனை மைக்கில் மன்னிப்புக் கேட்க வைக்கப் போகிறேன் என்றேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள், "ஐயய்யோ" என்றாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று புரிந்துகொண்டேன். வந்தே தீர வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

போன சனிக்கிழமை போனோம். மணலில் அவளால் உட்கார்ந்து எழுந்திருக்க முடியாது என்று வீட்டிலிருந்து சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக்கொண்டேன். ஆட்டோ போகிற வரை ஆட்டோ, அதற்கப்புறம் நாற்காலி என் தலையில், ரீத்தா இருசப்பன் கையில். நடுவழியில் சின்னப்பொண்ணு வந்து, "இன்னாண்ணா, ஸ்டாப்புக்கு சீட்டு போடறியா?" என்று கேட்டாள், பதில் சொல்லாமல் போனேன். நாணலுக்குள் நாற்காலியைப் போட்டு ரீத்தாவை உட்கார வைத்தேன். வலித்தால் வாயைத் திறக்காதே, கையை அழுத்து என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் மணலில் உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம். அவளும் அழுத்தவில்லை, நானும் விடவில்லை. மீன்கொத்தி ஒன்று எங்கள் முன்னால் ஒரே கிளையிலிருந்து ஏழு தடவை விழுந்து மூன்று மீன் எடுத்தது. கீரிப்பிள்ளை ஒன்று நாற்காலிக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் போனது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்த உலகத்தில் இவ்வளவு நடக்கிறது என்று அறுபத்திரண்டு வயதில் தெரிந்துகொண்டேன்.

அப்போது விசில் கேட்டது. தண்ணீருக்கு அந்தப் பக்கமிருந்து, நீளமாக ஒரு விசில். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. என் விசிலைப் பிடுங்கிக்கொண்டு இந்த மனுஷன் இங்கே வந்து ஊதுகிறாரே என்று திரும்பினால், இருசப்பன் என் தோளுக்குப் பின்னால்தான் இருக்கிறார், இரண்டு கையும் காலி. ஆற்றுப் பக்கம் கண்ணைக் காட்டினார். நாணலை விலக்கிக்கொண்டு ஒன்று வந்தது, அதன் பின்னால் குட்டிகள் இரண்டு. மச்சான், அவை ஒன்றையொன்று விசில் அடித்துத்தான் கூப்பிடுகின்றன. எனக்கு அது தெரியாது, யாரும் சொல்லவில்லை. தாய் தண்ணீரில் முங்கி ஒரு கெண்டையோடு எழும்பி, பாறைமேல் படுத்து, தலையிலிருந்து கறுக் கறுக் என்று கடித்துத் தின்றது. குட்டிகள் வாலைப் பிடித்து இழுத்துச் சண்டை போட்டன. ஒரு பெரிய மீன் தின்று முடிக்கிற நேரம் பூராவும் இருந்தன. பிறகு தாய் அடுத்தடுத்து இரண்டு விசில் கொடுத்தது. இரண்டு விசில், ரைட். மூன்றும் வரிசையாகத் தண்ணீரில் இறங்கிப் போய்விட்டன. நான் அழுதேன், அதை எழுத எனக்கு வெட்கம் இல்லை. ரீத்தா பக்கம் திரும்பி, "இதானா? அன்னைக்கு நீ பாத்தது இதானா?" என்று கேட்டேன். அவள் கண்ணிலும் தண்ணீர். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "இதாங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு முப்பத்தைந்து வருஷம் ஆகியிருக்கிறது. இருசப்பன் விசிலைத் திருப்பிக் கொடுத்தார், நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இனிமேல் அது அங்கேயே இருக்கட்டும்.

ஆகவே எட்வின் மச்சான் அவர்களே, சாட்சி ஆயிற்று, வழக்கு முடிந்தது. குண்டான் குண்டான்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் குண்டானுக்கு முன்னால் நீர்நாய் வந்து போயிருக்கிறது, அவள் அதைப் பார்த்திருக்கிறாள், நாம் இரண்டு முட்டாள்களும் காலரைப் பிடித்துக்கொண்டு நின்றதால் தவறவிட்டோம். இவ்வளவு நாள் சிரித்தது போதும். புதுநன்மை அன்று பந்தி ஆரம்பிப்பதற்கு முன் நீங்கள் மைக்கில் மன்னிப்புக் கேட்க வேண்டும். முடியாது என்றால் நான் உங்கள் வீட்டு வாசல் மிதிக்க மாட்டேன், நீங்களும் இங்கே வர வேண்டாம். ஜெனிபர் மகளின் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்க வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம். முப்பத்தைந்து வருஷம் உங்களோடு சேர்ந்து சிரித்ததைப் போல ஒரு சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் இல்லை, அதை விட்டுவிடத் துணிந்துதான் எழுதுகிறேன்.

அக்காவுக்கும் ஜெஸிக்கும் மாப்பிள்ளைக்கும் என் அன்பு. தேவமாதாவின் நிழல் உங்கள் வீட்டுக் கூரைமேல் எப்போதும் இருக்கட்டும், உங்கள் சர்க்கரை இன்னும் இறங்கட்டும்.

உறுதியுடன்,
உங்கள் மச்சான்,
அ. ஆல்பர்ட்.

பின்குறிப்பு:

அண்ணா, இது ரீத்தா. கவரை ஒட்டச் சொல்லிக் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குப் போயிருக்கிறார். எழுதியதைத் திரும்பப் படிக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. அவர் வருவதற்குள் எழுதுகிறேன்.

அன்றைக்கு நான் நீர்நாய் எதையும் பார்க்கவில்லை. அது குண்டான்தான். குண்டான் என்று எனக்கு நன்றாகத் தெரியும், என் கையிலிருந்துதான் நழுவிப் போனது. நீ அவர் காலரைப் பிடித்திருந்தாய், அவர் உன் காலரைப் பிடித்திருந்தார், கல்யாணம் ஆகி இரண்டு மாதம்தான் ஆகிறது, நான் அங்கே நின்று யார் பக்கம் பேசுவேன்? குண்டான் போகிறது என்று கத்தினால் நீங்கள் திரும்பியிருக்க மாட்டீர்கள். யானை என்றால் நம்பியிருக்க மாட்டீர்கள். வாயில் நீர்நாய் என்று வந்தது. இரண்டு பேரும் விட்டுவிட்டு ஓடிவந்தீர்கள், உருண்டு சிரித்தீர்கள், அதற்குப் பிறகு ஒரு நாளும் சண்டை போடவில்லை. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஜெஸி கல்யாணத்தில் என் கடைவாய்ப் பல்லில் எலும்பு மாட்டிக்கொண்டது. அதனால்தான் குழாயடிக்குப் போனேன். நீ நீந்திக் காட்டியதை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. அவர் எனக்காகத்தான் காட்டுக்குப் போகிறார் என்று தெரிந்த அன்றைக்கே சொல்ல வாயைத் திறந்தேன், முடியவில்லை.

சனிக்கிழமை அந்தத் தாயும் குட்டிகளும் வந்தபோது, என் வாழ்நாளில் நான் நீர்நாயைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்த நேரம் இதுதானா என்று அழுதுகொண்டே கேட்கிறார். ரெண்டு மணி நேரம் வாயைத் திறக்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்த மனுஷனிடம் இல்லை என்று எப்படிச் சொல்வேன்? இதான் என்று சொல்லிவிட்டேன்.

நீ இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. சிரிக்காதே. புதுநன்மை அன்று அவர் சொன்ன மாதிரியே மைக்கில் மன்னிப்புக் கேள், முகத்தைச் சரியாக வைத்துக்கொண்டு கேள். நானும் இத்தனை வருஷம் நொந்துபோனவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒன்று மட்டும், வரும்போது பஸ்ஸில் டிக்கெட் எடுத்துவிட்டதாக அவரிடம் நீயே முதலில் சொல்லிவிடு.